பெல்ட் பிடிக்கும் உத்தியோகம்

ஹார்லன் கிரீக் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கொடுத்திருந்த பதவியின் முழுப்பெயர் 'பக்கக்கோட்டு ஒழுங்குப் பேணல் உதவியாளர்'. வேலை என்னவென்றால், தலைமைப் பயிற்சியாளருக்குப் பின்னால் நின்று அவருடைய பெல்ட்டைப் பிடித்துக்கொள்வது. கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதற்கென்று நேர்முகத் தேர்வு நடந்தது. மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். ஒருவர் என் கைப்பிடியின் பலத்தைக் கருவி வைத்து அளந்து குறித்துக்கொண்டார்.

எங்கள் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர். காலுக்கு அதில் வேலை கொஞ்சம்தான். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளுவதுதான் பெரும்பகுதி. மைதானத்தின் ஓரம் நெடுக ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். பயிற்சியாளர் யாரும் அதைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. போனால் நடுவர் மஞ்சள் துணியை வீசுவார், அணிக்குப் பதினைந்து கஜம் அபராதம். ஐம்பத்தெட்டு வயதானவர், கௌரவ முனைவர் பட்டம் வாங்கியவர், ஊர் நடுவில் சிலைக்கு இடம் ஒதுக்கப்பட்டவர், அப்பேர்ப்பட்ட கார்லண்ட் ஸ்டக்கிக்கு அந்தக் கோடு மட்டும் கண்ணில் படாது. அதனால்தான் பல்கலைக்கழகம் என்னை வேலைக்கு எடுத்தது.

ஸ்டக்கி தலைமைப் பயிற்சியாளர். அவருக்குக் கீழே தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் உண்டு. அந்த வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர் டெரல் போக்ஸ். அரங்கத்தின் உச்சியில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, அடுத்து என்ன ஆடுவது என்று யோசித்து ஹெட்செட் வழியாகக் கீழே சொல்வது அவர் வேலை. ஜெயித்தால் ஸ்டக்கி ஜெயித்தார், தோற்றால் ஒருங்கிணைப்பாளர் தோற்றார். இது எழுதப்படாத விதி. எழுதினால் யாரும் அந்த வேலைக்கு வர மாட்டார்கள். ஐந்து வருடத்தில் ஆறு ஒருங்கிணைப்பாளர்களைப் பார்த்தாயிற்று. அந்த அறைக் கதவில் பெயர்ப்பலகையை ஆணியடித்து மாட்டுவதை நிறுத்திவிட்டு, ஒட்டிப் பிய்க்கிற நாடாவில் ஒட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

ஒருங்கிணைப்பாளரை நீக்கினால் அவருடைய பட்டியலில் இருக்கும் அத்தனை பேரும் கூடவே மூட்டை கட்ட வேண்டும். எங்கள் தொழிலில் இது ஊரறிந்த வழக்கம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் சேர்ந்த சமயம் போக்ஸின் பட்டியலில்தான் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே என்னைச் செருகிவிட்டார்கள். ஆக, நான் பிடித்தது ஸ்டக்கியின் பெல்ட்டை, காகிதத்தில் நான் போக்ஸின் ஆள்.

என் மகள் டெஸ்ஸுக்குப் பதினேழு வயது. ஹார்லன் கிரீக் அவளுக்கு ஏழாவது பள்ளிக்கூடம். ஒவ்வோர் ஊருக்கும் போகும்போது அவள் ஒரு பெட்டியைப் பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். எதற்கு என்று அவள் அம்மா ஜோலீன் கேட்டால், "எப்படியும் திரும்பக் கட்டத்தானே போறோம்" என்பாள். ஜோலீன் செவிலி. எந்த ஊரிலும் அவளுக்கு வேலை கிடைத்துவிடும். பிள்ளைக்குத்தான் ஒவ்வோர் ஊரிலும் முதலிலிருந்து சிநேகிதம் பிடிக்க வேண்டியிருந்தது.

போன ஆகஸ்டில் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். மே மாதம் பள்ளிப் படிப்பை இந்த ஊரிலேயே முடிப்பாய், இந்தச் சிநேகிதிகளோடு மேடையேறிச் சான்றிதழ் வாங்குவாய் என்றேன். அவள் போய்ப் பெட்டியை இழுத்து, ஒட்டியிருந்த நாடாவைக் கிழித்து, உள்ளே இருந்த டிரம்போன் வாத்தியத்தின் ஸ்டாண்டையும் பழைய விளக்கையும் எடுத்து வெளியே வைத்தாள். அந்த விளக்கை நான் நான்கு வருடமாகப் பார்த்திருக்கவில்லை.

சீசனின் முதல் ஆட்டத்தில் தோற்றோம். பத்திரிகையாளர் சந்திப்பில் ஸ்டக்கி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் தொப்பியைக் கழற்றினால் பொறுப்பேற்கப் போகிறார் என்று அர்த்தம்.

"முழுப் பொறுப்பும் என்னோடது. எழுதிக்கங்க. தோத்தா அடுத்தவனைக் கை காட்டற பழக்கம் எனக்கு இல்ல, என் வளர்ப்பு அப்படி. ஆனா, எதிர்க்காத்து அடிக்கும்போது பந்தைத் தூக்கி எறியச் சொன்னது யாருன்னு நீங்க கேட்டா, நான் பேர் சொல்ல மாட்டேன். கண்ணாடி ரூம்ல ஒருத்தர்தான் உக்காந்திருந்தாரு."

இரண்டாவது தோல்விக்கும் அவரேதான் முழுப் பொறுப்பு. "தப்பு என்னோடதுதான். ஆனா என்ன தப்புன்னு பாருங்க. அந்த ஆளை நம்பினேன் பாருங்க, அதுதான்." நிருபர்கள் சிரித்தார்கள். அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகை, ஆண்மையோடு பொறுப்பேற்கும் தலைவர்கள் அருகிவிட்ட காலம் இது என்று தலையங்கம் எழுதியது.

போக்ஸிடமும் ஒரு வானொலிக்காரர் மைக்கை நீட்டினார். போக்ஸ் தங்கமான பதில் சொன்னார். "கோச் ஸ்டக்கி மேல எனக்கு ரொம்ப மரியாதை. அவர் போனப்புறம் அவரோட ரூம் யாருக்கு வரும்னெல்லாம் நான் யோசிச்சதே கிடையாது. யோசிச்சிருந்தா அந்தக் கார்ப்பெட் கலர் எனக்குப் பிடிக்கலன்னு சொல்லியிருப்பேன்."

ஞாயிறு காலை பான்கேக் சாப்பிடும்போது டெஸ் கேட்பாள். "இந்த வாரம் பொறுப்பு யாருதுப்பா?"

"கோச் ஸ்டக்கியோடதுதான். முழுசா ஏத்துக்கிட்டாரு."

"அவர் பேச்சுல 'ஆனா' வந்த பிறகுதாம்ப்பா விஷயமே ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி இருக்கறது சும்மா தொண்டையைச் செருமறது."

அந்த வானொலிப் பேட்டிக்குப் பிறகு ஸ்டக்கியும் போக்ஸும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். ஆட்டத்தின்போது பேசாமல் முடியாது. ஸ்டக்கி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பெல்ட் பிடிக்கிறவன் காதிலும் ஒரு ஹெட்செட் மாட்டினார்கள். மூன்று பேரும் ஒரே இணைப்பில் இருந்தோம். ஒருவர் மூச்சு விட்டால் மற்ற இருவருக்கும் கேட்கும். இருந்தாலும் எல்லாம் என் வழியாகத்தான் போக வேண்டும்.

"லோரன், மேல இருக்கற பெரிய மனுஷன்கிட்ட கேளு, பந்தை எடுத்துக்கிட்டு ஓடலாமான்னு."

"கோச் போக்ஸ், ஓடலாமான்னு கோச் கேக்கறாரு."

"கேட்டுச்சு, நான் செவிடு இல்ல. ஓடக் கூடாதுன்னு சொல்லு."

"ஓடக் கூடாதாம், கோச்."

"எனக்கும் காது இருக்கு. ஏன்னு கேளு."

"ஏன்னு..."

"போன வாட்டி அவர் ஓடச் சொல்லித்தான் பந்தைப் பறிகொடுத்தோம், அதனாலன்னு சொல்லு. மரியாதையா சொல்லு."

இதை மரியாதையாக எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கொடுத்த நேரம் முடிந்து, தாமதத்துக்கு நடுவர் மஞ்சள் துணி வீசிவிட்டார். அன்றைக்கு இப்படியே ஒன்பது முறை நடந்தது. மைதானத்தில் எங்கள் பிள்ளைகள் பதினொரு பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு விளையாட்டு இயக்குநர் பிரெஸ்டன் வைட்டிங் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். பல்கலைக்கழகத்தில் இவர் ஒருவர்தான் ஸ்டக்கிக்கு மேலே. மேலே என்றால் மாடியில்.

"நான் யார்மேலயும் குத்தம் சொல்ல வரல" என்று வைட்டிங் ஆரம்பித்தார். "கோச் ஸ்டக்கி மாதிரி ஒருத்தர் கிடைக்க மாட்டாரு. கோச் போக்ஸ் மாதிரியும் கிடைக்க மாட்டாரு. ரெண்டு பேரையும் எடுத்தது நான். அதனால ரெண்டு பேர்கிட்டயும் தப்பு இருக்க வழியில்ல. கோளாறு எங்க இருக்குன்னா, ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கு."

அவர் சொல்லி முடித்ததும் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அதற்கு மருந்தாக 'ஒத்திசைவு வாரம்' அறிவிக்கப்பட்டது. டென்வரிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். உடற்பயிற்சிக் கூடத்தில் எங்களை நிற்க வைத்து, ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழ வேண்டும், மற்றவர் தாங்கிப் பிடிக்க வேண்டும், அதிலிருந்துதான் நம்பிக்கை பிறக்கும் என்றார்.

"தலைவன் விழ மாட்டான்" என்றார் ஸ்டக்கி. "பசங்க பார்த்தா தப்பா எடுத்துக்குவாங்க. அவரு விழட்டும்."

"விழறதுக்கு நான் தயார்" என்றார் போக்ஸ். "பிடிப்பேன்னு எழுத்துல குடுக்கச் சொல்லுங்க."

பல்கலைக்கழக வழக்கறிஞரை வரவழைத்தார்கள். அவர் வந்து, 'பிடிப்பேன்' என்பதைவிட 'பிடிக்க நியாயமான முயற்சி எடுப்பேன்' என்பது பாதுகாப்பான வாசகம் என்றார். போக்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. ஐம்பது நிமிடம் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு விழாமலே நின்றார்கள். அம்மையாருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. "சரி, இவர் விழட்டும், நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பிடிங்க, அதுவும் ஒத்துமைதான்" என்று என்னைக் காட்டினார்.

விழுந்தேன். போக்ஸ் பிடிப்பார் என்று ஸ்டக்கி இருந்திருக்கிறார். தலைமைப் பயிற்சியாளர் இருக்கும்போது தான் முந்திக்கொள்வது முறையில்லை என்று போக்ஸ் இருந்திருக்கிறார். என் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. பயிற்சியில் கலந்துகொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு எந்தக் காயமும் ஏற்படவில்லை என்று அம்மையார் அறிக்கை அனுப்பினார். வைட்டிங் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அந்த வாரத்திலிருந்து வலது கையில் மாவுக்கட்டோடு இடது கையால் பெல்ட் பிடித்தேன்.

"ஒரு கைதான் இருக்கு, ஒரு ஆளைத்தான் பிடிக்க முடியும்" என்றாள் ஜோலீன், கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு. "அந்தக் கட்டடத்துல எத்தனை பேரைப் பிடிக்கணும்னு அவங்களுக்குத் தெரியுமா?"

நான்காவது தோல்வி வந்தது. ஸ்டக்கி பொறுப்பேற்ற கையோடு, இனி ஆட்ட உத்திகளை நானே சொல்வேன் என்று அறிவித்தார். போக்ஸை உடனே நீக்க ஒப்பந்தம் இடம் கொடுக்கவில்லை. நவம்பர் முடியும்வரை கண்ணாடி அறையில் அவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். உட்காரட்டும் என்றார் ஸ்டக்கி. சாமான் அறைக்காரரைக் கூப்பிட்டு, போக்ஸின் ஹெட்செட் கம்பியை மேசைக்கு அடியில் பிடுங்கிவிடச் சொன்னார். போக்ஸுக்கு இது தெரியாது. மறுமுனையில் சத்தம் இல்லாததால், ஸ்டக்கி கடைசியில் தன் அருமை உணர்ந்து வாயடைத்துப்போய்க் கேட்டுக்கொள்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த ஆட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மேலே போக்ஸ் செத்த கம்பியில் உத்தி உத்தியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரணி உதட்டைப் படித்துவிடக் கூடாதே என்று பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார். தொலைக்காட்சி அதை நான்கு முறை காட்டியது. கீழே ஸ்டக்கி உற்சாகத்தில் தப்பான பொத்தானை அமுக்கியிருந்தார். அவர் சொன்ன தாக்குதல் உத்திகள் முழுக்கத் தற்காப்புப் பயிற்சியாளர்கள் காதுக்குப் போயின. அவர்கள் வேலைக்கு ஆபத்து வேண்டாமென்று "சரி கோச்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோட்டோரம் நிற்கும் மாணவர்கள் உத்தியைப் படம் போட்ட பலகையில் காட்ட வேண்டும். அவர்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை. சும்மா நிற்க முடியாமல் கைக்கு வந்த பலகையைத் தூக்கினார்கள். ஒரு முறை ரொட்டி சுடும் பெட்டி, ஒரு முறை ஒட்டகம்.

மைதானத்தில் பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவன் மைக்கா. ஒட்டகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பையன்கள் கூடி நின்று அவர்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு ஆடினார்கள். முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

"முழுப் பொறுப்பும் என்னோடது" என்றார் ஸ்டக்கி. அன்றைக்கு 'ஆனா' வரவில்லை.

வாகன நிறுத்துமிடத்தில் போக்ஸ் என்னை மடக்கினார். "பார்த்தியா லோரன்? அவர் சும்மா வாயை அசைச்சாரு. பசங்க கேட்டது என்னைத்தான். கடைசில அந்த நீளமான பாஸ், அது என் அட்டையில பதினேழாவது வரி."

கம்பி விஷயத்தைச் சொன்னால் ஸ்டக்கி என்னைத் தொலைப்பார். பொத்தான் விஷயத்தைச் சொன்னால் போக்ஸ் ஊரெல்லாம் பரப்பி, கடைசியில் நான்தான் சொன்னேன் என்பார். மே மாதத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. "ஆமா கோச்" என்றேன்.

இப்படியே யாரும் யாருக்கும் கேட்காமல் நான்கு வாரம் ஜெயித்தோம். ஐந்தாவது வாரம் சாமான் அறைக்காரருக்கு மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, பொத்தானையும் கம்பியையும் சரிசெய்துவிட்டார். அந்த வாரம் தோற்றோம்.

சீசனின் கடைசி ஆட்டம் டன்மோரோடு. இரண்டு ஊருக்கும் நூறு வருடப் பகை. வைட்டிங் ஒரு கடிதம் அனுப்பினார். ஜெயித்தால் எல்லாருக்கும் ஒரு வருட நீட்டிப்பு, போக்ஸ் உட்பட, அவர் பட்டியல் உட்பட. தோற்றால் 'மறுசீரமைப்பு'. நான் அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மாட்டினேன். டெஸ் அதைப் படித்துவிட்டு, "அப்ப ஒரே ஒரு ஆட்டம்" என்றாள்.

எங்கள் தொழிலில் ஒரு சடங்கு உண்டு. பெரிய ஆட்டத்தில் ஜெயித்ததும், கோட்டோரம் வைத்திருக்கும் ஐஸ் பானப் பீப்பாயைப் பிள்ளைகள் தூக்கிவந்து தலைமைப் பயிற்சியாளர் தலையில் கவிழ்ப்பார்கள். மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அந்தப் படம்தான் வரும். யார் தலை நனைந்ததோ அவர்தான் ஜெயித்தவர். அரசருக்குப் பட்டாபிஷேகம் செய்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமை ஸ்டக்கி இரண்டு தடியன்களைக் கூப்பிட்டுச் சொன்னதை நான் கேட்டேன். "கடைசி செகண்டுல தூக்கிடுங்க. அந்த ஆள்மேல ஒரு சொட்டுத் தெறிக்கக் கூடாது." ஒரு மணி நேரம் கழித்துப் படிக்கட்டுக்கு அடியில் போக்ஸ் வேறு இரண்டு தடியன்களிடம் பேசிக்கொண்டிருந்தார். "நான் கீழ வந்துடறேன். அவர் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள என் தலையில ஊத்திடணும்." ஒரே பீப்பாய்தான் இருந்தது. யாரிடமாவது சொல்லலாமா என்று யோசித்தேன். கோளாறு நடுவில்தான் இருக்கிறது என்று மறுபடி ஒருமுறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஆட்டம் நன்றாகவே போனது. டெஸ்ஸின் பள்ளி இசைக்குழுவை அன்று வாசிக்க அழைத்திருந்தார்கள். எதிர்ப்பக்கப் படிக்கட்டில் அவளுடைய டிரம்போன் வெயிலில் மின்னியது. நான்கு நொடி பாக்கி. நாங்கள் இருபது, டன்மோர் பதினெட்டு. பந்து அவர்களிடம், ஆனால் வெகு தூரத்தில். அங்கேயிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்க எழுபத்திரண்டு கஜம் உதைக்க வேண்டும். அவ்வளவு தூரம் உதைக்கிற கால் டன்மோரில் யாருக்கும் இல்லை. நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் அசையாமல் நிற்பது ஒன்றுதான்.

போக்ஸ் சொன்னபடியே கீழே வந்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் ஐஸ் குலுங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நான்கு தடியன்கள் ஒரு பீப்பாயைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பேர் இந்தப் பக்கமும் இரண்டு பேர் அந்தப் பக்கமுமாக இழுத்தபடி தள்ளாடித் தள்ளாடி முன்னே வந்தார்கள். போக்ஸின் ஆட்கள் கொஞ்சம் பலசாலிகள். பீப்பாய் அவர் பக்கம் சாய்ந்தது. அதன் வாய்க்கு நேராகத் தலையைக் கொடுக்க அவர் ஓரடி பின்னால் வைத்தார். இன்னும் ஓரடி வைத்தார்.

"கோச், கோடு" என்றேன்.

ஸ்டக்கி அப்போதுதான் திரும்பினார். பீப்பாயைப் பார்த்தார். அவர் முகம் சிவந்த சிவப்பை நான் ஐந்து தோல்வியிலும் பார்த்ததில்லை.

"அது என் தண்ணி" என்றார். "லோரன், விடு."

"விட முடியாது கோச். நாலு செகண்டுதான். நில்லுங்க."

"அவன் தலையில ஊத்தறாங்கய்யா. விடு."

இடது கையால் ஸ்டக்கியைப் பிடித்துக்கொண்டு, மாவுக்கட்டுப் போட்ட வலது கையைப் போக்ஸின் பெல்ட்டுக்கு நீட்டினேன். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்நுனிகளால் கொக்கி மாதிரி மாட்டினேன். அரை நொடி இரண்டு பேரும் என் கையில் இருந்தார்கள். ஹார்லன் கிரீக் வரலாற்றில் தலைமைப் பயிற்சியாளரும் ஒருங்கிணைப்பாளரும் உண்மையிலேயே ஒரே இணைப்பில் இருந்தது அந்த அரை நொடிதான். பிறகு விரல் நழுவியது. போக்ஸ் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் மல்லாக்க விழுந்தார். அவர் இடத்தைப் பிடிக்க ஸ்டக்கி பாய்ந்தார். பெல்ட்டின் பக்கிள் தெறித்தது. பெல்ட் என் கையில் தங்கிவிட்டது, அவர் உள்ளே போய்விட்டார். பீப்பாய் மொத்தமும் என் தலையில் கவிழ்ந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது புல்லில் இரண்டு மஞ்சள் துணி கிடந்தது. ஆளுக்குப் பதினைந்தாக, பந்தை முப்பது கஜம் கம்பத்துக்குக் கிட்டே வைத்தார்கள். டன்மோர் பையன் நாற்பத்திரண்டு கஜத்திலிருந்து சுலபமாக உதைத்தான். இருபத்தொன்றுக்கு இருபது.

பத்திரிகையாளர் சந்திப்பில் ஸ்டக்கி ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "முழுப் பொறுப்பும் என்னோடது. ஆனா ஒருத்தனை ஒரே ஒரு வேலைக்குத்தான் வச்சிருந்தோம்."

போக்ஸும் அதே மேசையில் உட்கார்ந்திருந்தார். "கோச் சொன்னதை நான் அப்படியே ஒத்துக்கறேன்" என்றார். மூன்று மாதத்தில் முதன்முறையாக அவர்கள் நேரடியாகப் பேசிக்கொண்டார்கள். ஒத்திசைவு வாரம் பலன் கொடுத்துவிட்டது என்று வைட்டிங் கண் கலங்கினார்.

விசாரணைக் குழு இரண்டு நாள் உட்கார்ந்தது. பெல்ட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சாட்சியாக வைத்திருந்தார்கள். "பெல்ட் பிடிப்பவர் கையில் பெல்ட் இருந்திருக்கிறது. ஆகவே அவர் கடமையைச் செய்திருக்கிறார். ஆனால் பெல்ட்டுக்குள் பயிற்சியாளர் இல்லை. ஆகவே கடமை நிறைவேறவில்லை." இதை எழுத மூன்று பேராசிரியர்கள் தேவைப்பட்டார்கள்.

மறுசீரமைப்பு நடந்தது. ஸ்டக்கியைத் தெற்கே இன்னும் பெரிய ஒரு பல்கலைக்கழகம் கொத்திக்கொண்டு போய்விட்டது. நெருக்கடியில் பொறுப்பேற்கத் தெரிந்தவராம். ஹார்லன் கிரீக்கின் புதுத் தலைமைப் பயிற்சியாளராக டெரல் போக்ஸை நியமித்தார்கள். "தொடர்ச்சி முக்கியம்" என்றார் வைட்டிங். நீக்கப்பட்ட பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. நான் போக்ஸைப் போய்ப் பார்த்தேன். கார்ப்பெட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கோச், என் பொண்ணுக்கு மே மாசம் படிப்பு முடியுது. அதுவரைக்கும் ஏதாவது ஒரு வேலை போதும். பலகை தூக்கறேன், பந்து துடைக்கறேன்."

"எனக்கு உன்மேல கோபமே இல்ல லோரன். ஆனா உன்னைப் பார்த்தா அந்த நாள் ஞாபகம் வருது. இந்தப் பதவிக்கு மறதி ரொம்ப முக்கியம்" என்றார். வாசல்வரை வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டக்கி போன் செய்தார். புதன்கிழமைக்குள் வந்துவிடு, புது இடத்தில் பெல்ட் பிடிக்க ஆள் சரியில்லை, என் இடுப்பு உன் கைக்குத்தான் பழகியிருக்கிறது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

டெஸ்ஸின் அறைக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டி வெளியே வந்திருந்தது. விளக்கைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, ஒட்டுநாடாவின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

"டெஸ், முழுப் பொறுப்பும் என்னோடதும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாடா கையில் அப்படியே நின்றது. "ம். ஆனா?"

ஆனாவுக்கா பஞ்சம். ஆனா, மணிக்கட்டு ஒடிந்திருந்தது. ஆனா, ஒரு கைக்கு இரண்டு பெல்ட். ஆனா, பீப்பாய். ஆனா, இந்தத் தொழிலே அப்படித்தான், ஏழு ஊரும் அப்படித்தான். எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. அத்தனையும் உண்மைதான். ஸ்டக்கி சொன்னவையும் பாதி உண்மைதான்.

"ஆனா ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் இன்னும் காத்திருந்தாள். பழக்கம் அப்படி. அந்தச் சமயம் மறுபடி போன் அடித்தது. அவள் எதிரிலேயே எடுத்தேன்.

"என்ன லோரன், கிளம்பிட்டியா?"

"வரல, கோச். பொண்ணு மே மாசம் வரைக்கும் இங்கதான் படிக்கறா. நானும் இங்கதான்."

"வரலையா? அப்ப என்னை யாருய்யா பிடிப்பா?"

"கோட்டுக்கு இந்தப் பக்கம் நீங்களே நின்னுக்கலாம், கோச்."

"நானேவா?" என்றார் அவர். இப்படி ஒரு வழி இருப்பதை முப்பது வருடத்தில் யாரும் அவரிடம் சொன்னதில்லை போலிருக்கிறது. நான் போனை வைத்துவிட்டேன். டெஸ் பெட்டிக்குள் கையை விட்டு விளக்கை எடுத்தாள், சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள், பழைய இடத்திலேயே வைத்து பிளக்கை மாட்டினாள்.

இப்போது நான் அவள் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில், தொடக்கப்பள்ளி வாசலில் வேலை பார்க்கிறேன். காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது 'நில்' என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அங்கேயும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைகள் முப்பது நாற்பது பேர் தினமும் வந்து, நான் பலகையை இறக்கும்வரை கோட்டுக்குப் பின்னாலேயே நிற்கிறார்கள். இதுவரை யாருடைய பெல்ட்டையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.